லீட்ஸ் குளிரில் சர்க்கரைவள்ளி: தபாலில் வாங்கிய நாற்று எப்படி?

இங்கிலாந்தின் வடக்கே சர்க்கரைவள்ளிக் கிழங்கு வராது என்று அலாட்மென்டில் (தோட்டம் போட வாடகைக்கு விடும் சின்ன நிலம்) பக்கத்து நிலத்துக்காரர் சொன்னதைக் கேட்டு இரண்டு வருடம் சும்மா இருந்துவிட்டேன். இந்த வருடம் தபாலில் நாற்று அனுப்பும் ஒரு கடையில் பியூரிகார்ட் ரகம் 12 வாங்கி நட்டேன். ரகம் அருமை, தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியோடு வரும் குறிப்புச் சீட்டை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

ஜூன் முதல் வாரம் பெட்டியைத் திறந்தபோது மனசே விட்டுப்போனது. எல்லாம் வேரில்லாத தளிர்கள், நான்கு நாள் தபாலில் கிடந்து துவண்டு, இலைகள் மஞ்சளாகி இருந்தன. ஊரில் கொடியை அறுத்து மண்ணை மேடாக அணைத்த பாரில் ஊன்றித் தண்ணீர் விட்டால் போதும், இங்கே அப்படி நடக்காது. ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் நிற்க வைத்ததில் 10 நிமிர்ந்துவிட்டன. இரண்டு அழுகிப்போயின. கடைக்கு எழுதினேன், படம் கேட்டார்கள், அனுப்பினேன், அதோடு சரி, இன்றுவரை பதில் இல்லை. அதற்காகவே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

பியூரிகார்ட் அமெரிக்காவின் லூசியானாவில் 1987-இல் வெளிவந்த ரகம். அங்கே இருக்கிற வெயிலுக்கு மூன்று, மூன்றரை மாதத்தில் கிழங்கு தயார். இங்கே மண் சூடாகவில்லை என்றால் மேலே கொடி மட்டும் ஓடும், கீழே பென்சில் தடிமனில் வேர்தான் கிடைக்கும். அதனால் இரண்டு வாரம் சின்னத் தொட்டிகளில் சன்னல் ஓரம் வைத்து வேர் பிடிக்கவிட்டு, அப்புறம் ஆறு நாற்றை மேடான பாத்தியில் கறுப்பு பாலித்தீன் விரித்து அதில் ஓட்டை போட்டு நட்டேன், மீதி நான்கைப் பக்கத்திலேயே வெறும் மண்ணில். அக்டோபர் இரண்டாம் வாரம், பனி விழுவதற்கு முன் தோண்டினோம். பாலித்தீன் போட்ட ஆறிலும் சேர்த்து நான்கு கிலோவுக்கு மேல் வந்தது, வெறும் மண்ணில் நட்ட நான்கிலும் சேர்த்து ஒரு கிலோகூடத் தேறவில்லை. பாலித்தீன் விரிப்பைப் பற்றிச் சீட்டில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

சீட்டில் இல்லாத இன்னொரு முக்கியமான விஷயம், கிழங்கைப் பதப்படுத்துவது. தோண்டிய அன்றே ஆசையாக அவித்தோம், இனிப்பே இல்லை, மாவு மாதிரி இருந்தது, பிள்ளைகள் தொடவில்லை. கிழங்கை 10 நாள் போல 27 முதல் 30 டிகிரி வெப்பத்தில், காற்றில் ஈரம் இருக்கும்படி வைக்க வேண்டும், அப்போதுதான் கீறல் ஆறித் தோல் கெட்டிப்படும். நான் பாய்லர் இருக்கும் அலமாரியில் ஈரத்துண்டோடு வைத்தேன். அதன்பின் சாதாரண அறையில் மூன்று வாரம் விட்டு அவித்தபோது, அம்மா பொங்கலுக்கு அவித்துத் தரும் அதே இனிப்பு! ஃபிரிட்ஜில் மட்டும் வைத்துவிடாதீர்கள், குளிரில் நடுப்பகுதி கட்டியாகி, எவ்வளவு வேகவைத்தாலும் வேகாது.

கோடை முழுக்க இலையைக் கிள்ளிக் கீரையாகப் பொரித்துச் சாப்பிட்டோம். அளவாகக் கிள்ளுங்கள், இலை குறைந்தால் கிழங்கும் சிறுத்துவிடும்.

நாற்றுக்கு ஐந்துக்கு நான்கு, கடையின் சேவைக்கு இரண்டு. அடுத்த வருடமும் இதே பியூரிகார்ட்தான், வேறு கடையில், மே நடுவிலேயே வந்து சேரும்படி சொல்லி வாங்கி, எல்லா நாற்றையும் பாலித்தீன் விரித்த பாத்தியிலேயே நடப்போகிறேன்.