ரைசன் 7 5800எக்ஸ்: வோல்ட்டேஜைக் குறைத்தால் வேகம் கூடும் ப்ராசஸர்

ஏஎம்4 (ஏஎம்டியின் ப்ராசஸர் சாக்கெட் வகை) மதர்போர்டு ஏற்கெனவே வீட்டில் இருந்தால், ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸ் இன்றும் வாங்கத் தகுந்ததுதான். 2020 நவம்பரில் 449 டாலர் விலையில் வந்தது. 8 கோர், 16 த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள் இருக்கும் வேக நினைவகம்). பெட்டியில் கூலர் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். இதை வாங்கியவர்கள் இரண்டு விஷயங்களில் தடுமாறுகிறார்கள்: சூடு, காரணம் தெரியாத ரீஸ்டார்ட். இரண்டுக்கும் மருந்து, மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மெனுவான பயாஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பழைய ப்ராசஸர்களை வோல்ட்டேஜ் கூட்டி ஓவர்கிளாக் செய்த (நிர்ணயித்ததை விட வேகமாக ஓட்டிய) கை, இங்கே நேர் எதிர்த் திசையில் போக வேண்டும்.

முதலில் சூடு. எட்டு கோர்களும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள ஒரே 7 நானோமீட்டர் சிப்லெட்டில் (மூடிக்குள் இருக்கும் சிறு சிலிக்கான் துண்டு) நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. 105 வாட் என்று அட்டையில் போட்டிருந்தாலும், சாக்கெட் வழியாக 142 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. இதன் 12 கோர் அண்ணனான 5900எக்ஸுக்கும் அதே 142 வாட்தான், ஆனால் அதில் அது இரண்டு சிப்லெட்டுகளுக்குப் பிரிகிறது. இங்கே பெரும்பகுதி வெப்பம் ஒரே நகத்தளவு இடத்திலிருந்து வெளியேற வேண்டியிருக்கிறது. அதனால்தான் பெரிய கூலர் போட்டும் முழு வேலையில் 85 டிகிரியைத் தொடுகிறது. கூலர் மோசம் என்று மாற்றிக்கொண்டே போவது வீண் செலவு. ஹீட்சிங்கைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சிக்கல் சிப்லெட்டிலிருந்து மேல்மூடிக்கு வெப்பம் வரும் வழியில்.

சிப்லெட் மூடியின் நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கிறது. நடுவில் ஒரு துளி தெர்மல் பேஸ்ட் மட்டும் வைத்தால் ஓரம் சரியாக மூடாமல் போகலாம். நடுவில் ஒன்று, நான்கு மூலைகளிலும் சிறிதாக ஒன்று என்று வைத்து அழுத்துங்கள். கூலரைக் கழற்றும்போது இன்னொரு கவனம் தேவை: ஏஎம்4 ப்ராசஸரில் பின்கள் ப்ராசஸரிலேயே இருக்கின்றன, இறுகிய பேஸ்ட்டோடு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பத்து நிமிடம் வேலை கொடுத்துச் சூடாக்கி, கம்ப்யூட்டரை அணைத்து, கூலரை இட வலமாக மெல்லத் திருகி எடுங்கள்.

அறை வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். 22 டிகிரி அறையில் அளந்த எண்ணை மே மாதத்து மதுரை அறையோடு ஒப்பிட முடியாது. அறை 10 டிகிரி கூடினால் ப்ராசஸரும் ஏறத்தாழ அதே 10 டிகிரி கூடும். 90 டிகிரி இதன் வரம்பு. அதைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பயாஸில் பிபிஓ (ப்ராசஸர் எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்று தீர்மானிக்கும் அமைப்பு) பகுதிக்குப் போனால் மூன்று வரம்புகள் தெரியும். பிபிடி என்பது மொத்த வாட், டிடிசி என்பது நீடித்து இழுக்கும் ஆம்பியர், இடிசி என்பது நொடிப்பொழுது உச்ச ஆம்பியர். கம்பெனி அளவு 142, 95, 140. பலர் இதை 'மதர்போர்டு' என்று மாற்றி, வரம்பே இல்லாமல் விடுகிறார்கள். இந்த ப்ராசஸரில் அதனால் கிடைப்பது 90 டிகிரி மட்டுமே. 'மேனுவல்' எடுத்து 120, 75, 110 என்று போடுங்கள். எல்லாக் கோரும் ஓடும் வேலையில் இழப்பு சில சதவீதம், சூடு நன்றாக இறங்கும். இழந்ததை அடுத்த படியில் திரும்ப எடுத்துவிடலாம்.

வோல்ட்டேஜைப் பார்த்துப் பதறுபவர்கள் அதிகம். சும்மா டெஸ்க்டாப்பில் இருக்கும்போது 1.45, சில நேரம் 1.5 வோல்ட் காட்டும். ஓரிரு கோர் குறைந்த ஆம்பியரில் 4.85 கிகாஹெர்ட்ஸ் தொடும்போது இது இயல்பு. சிப்பை அரிப்பது அதிக வோல்ட், அதிக ஆம்பியர், அதிக சூடு மூன்றும் சேர்ந்து நீடிப்பதுதான். இதைக் கண்டு பயந்து 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.3 வோல்ட் என்று எல்லாக் கோருக்கும் நிலையாகப் பூட்டுவது நல்ல யோசனை இல்லை. ஒற்றைக் கோர் வேகம் 250 மெகாஹெர்ட்ஸ் குறைகிறது, கேம்களில் அது தெரியும். பொதுவான நெகட்டிவ் ஆஃப்செட்டும் (மொத்த வோல்ட்டேஜையும் ஒரே அளவில் குறைப்பது) ஏமாற்றும்: திரையில் 4.7 என்று காட்டும், பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணோ இறங்கும். வோல்ட்டேஜ் போதாமல் கிளாக் இழுபடுவதுதான் காரணம். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் 'எஃபெக்டிவ் கிளாக்' (உண்மையில் ஓடும் வேகம்) வரியைப் பாருங்கள். முழு வேலையில் அது சாதாரண கிளாக்கை விடத் தெளிவாகக் குறைந்திருந்தால் இதுதான் நடக்கிறது.

சரியான கருவி, கோருக்குக் கோர் வோல்ட்டேஜை மாற்ற விடும் கர்வ் ஆப்டிமைசர். பிபிஓ, அட்வான்ஸ்டு, கர்வ் ஆப்டிமைசர், 'பெர் கோர்', 'நெகட்டிவ்' என்று உள்ளே போக வேண்டும். ஒரு எண் குறைத்தால் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும், அதிகபட்சம் 30. மிச்சமாகும் வாட்டையும் சூட்டையும் ப்ராசஸரே கூடுதல் வேகமாக மாற்றிக்கொள்கிறது. இந்த ப்ராசஸரின் உண்மையான மதிப்பு இந்த ஒரே மெனுவில்தான் இருக்கிறது.

எல்லாக் கோருக்கும் ஒரேயடியாக 30 போடாதீர்கள். ஏஎம்டியின் ரைசன் மாஸ்டர் மென்பொருள் அடையாளமிட்டுக் காட்டும் சிறந்த இரண்டு கோர்கள் ஏற்கெனவே விளிம்பில் ஓடுபவை, குறைவாகத்தான் தாங்கும். அவற்றுக்கு 5, மற்றவற்றுக்கு 15 என்று தொடங்குங்கள். உச்ச வேகத்தைக் கூட்டும் பூஸ்ட் ஓவர்ரைடு பூஜ்யத்தில் இருக்கட்டும். சோதனை முடியும் வரை எக்ஸ்எம்பியையும் (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்து வையுங்கள். இல்லையென்றால் தவறு ராமிலா கோரிலா என்று பிரித்தறிய முடியாது.

இனி முக்கியமான இடம். எல்லாக் கோரையும் ஓட்டும் சினிபெஞ்ச் பெஞ்ச்மார்க் அரை மணி நேரம் ஓடியது, ஆகவே நிலையாக இருக்கிறது என்று முடிவு கட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. எட்டு கோரும் ஓடும்போது வேகம் 4.5 பக்கம் இறங்கிவிடுகிறது. அங்கே வோல்ட்டேஜ் போதும். பற்றாக்குறை வருவது ஒற்றைக் கோர் 4.85 போகும்போது, அதாவது பிரவுசர் திறக்கும்போது, கேம் மெனுவில் நிற்கும்போது, யாரும் தொடாமல் கிடக்கும்போது. நீலத் திரைகூட வராது, சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். இதைப் பிடிக்க கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. ப்ரைம்95 என்ற சோதனை நிரலை ஒவ்வொரு கோரிலும் தனித்தனியாக ஓட்டும். இலகுவான எஸ்எஸ்இ கணக்கு முறையில் வையுங்கள், கனமான ஏவிஎக்ஸ் முறை வேகத்தைக் கீழே இறக்கிவிடும். முதல் சுற்றில் கோருக்கு 6 நிமிடம். அதில் தேறியதும் கோருக்கு ஒரு மணி நேரம். எட்டு கோருக்கும் ஓர் இரவு போதும். அதன் பிறகு இரண்டு நாள் வழக்கமான வேலையும், தூக்க நிலையிலிருந்து எழுப்புவதும் சோதனையில் சேரும்.

ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறங்கள். 41 என்ற எண் சரியாக அணைக்கப்படவில்லை என்று மட்டுமே சொல்லும், அதை விட்டுவிடுங்கள். வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ லாகரில் 18 என்ற எண்ணும், 'கேஷ் ஹையரார்க்கி எரர்' என்ற வரியும், எந்த த்ரெட் என்று காட்டும் ஏபிக் ஐடியும் இருக்கும். அந்த ஐடியை இரண்டால் வகுத்து மீதியை விட்டுவிட்டால் கோர் எண் கிடைக்கும்: 0, 1 என்றால் கோர் 0; 10, 11 என்றால் கோர் 5. அந்த ஒரு கோருக்கு மட்டும் 3 அல்லது 5 எண் திருப்பிக் கொடுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். சில சிப்களில் ஒரு கோர் பூஜ்யத்திலும் தடுமாறும். அதற்குப் பாசிட்டிவ் கொடுக்கலாம். ஆனால் எதையுமே மாற்றாத நிலையில் இந்தப் பிழை வந்தால் அது உங்கள் தவறில்லை, உத்தரவாதத்தில் மாற்றிக் கேளுங்கள். ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு அந்த உத்தரவாதம் செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும்.

18-க்குப் பதில் 19 வந்தால் கோரைக் குற்றம் சொல்லாதீர்கள், அது கோர்களையும் ராமையும் இணைக்கும் ஃபேப்ரிக் பக்கத்துத் தகராறு. 3600 ராமோடு ஃபேப்ரிக் 1800 மெகாஹெர்ட்ஸில் சிக்கலில்லாமல் ஓடும். 1900 சிப்பைப் பொறுத்தது. ராம் கட்டுப்பாட்டுப் பகுதிக்கான எஸ்ஓசி வோல்ட்டேஜ் 1.1 பக்கம் போதும், 1.2-ஐத் தாண்ட வேண்டாம். வேலை ஏறும்போது வோல்ட்டேஜ் சரிவதை ஈடுகட்டும் லோட்லைன் அமைப்பை 'ஆட்டோ'விலேயே விடுங்கள். அதை உச்சத்தில் வைத்தால் வேலை விடுபடும் நொடியில் வோல்ட்டேஜ் எகிறும்.

கேம் மட்டுமே ஆடுபவர்கள், கிடைத்தால், கூடுதல் கேஷ் கொண்ட 5800எக்ஸ்3டி வாங்கட்டும். 96 எம்பி கேஷ் அங்கே வேலையைப் பார்த்துக்கொள்ளும், வேகத்தை நிர்ணயிக்கும் மல்டிப்ளையர் பூட்டப்பட்டிருப்பதால் திருகவும் அதிகம் இல்லை. வீடியோ எடிட்டிங், கம்பைல் போன்ற வேலையும் சேர்ந்து இருந்து, ஓர் இரவு சோதனைக்கு ஒதுக்கவும் முடிந்தால் 5800எக்ஸை எடுங்கள். கூலரில் இரட்டைக் கோபுர ஏர் கூலர் போதும். 360 மில்லிமீட்டர் வாட்டர் கூலருக்கு வைத்த பணத்தில் ராமைக் கூட்டுங்கள்.