பழைய ரஸ்டனுக்கு ஆயிலர்: ஆன்லைனில் ஒன்று, உக்கடத்தில் ஒன்று

தாத்தாவின் அரிசி மில்லில் ஓடிய ரஸ்டன் ஹார்ன்ஸ்பி இஞ்சின், சிலிண்டர் படுக்கையாக இருக்கும் பிரிட்டிஷ் இஞ்சின், 1920களில் வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். சிலிண்டர் மேல் இருந்த கண்ணாடி ஆயிலர் (ஆயில் விடும் சின்னக் குப்பி) எப்போதோ போய், அந்த ஓட்டையில் யாரோ ஒரு கிரீஸ் நிப்பிளை (கிரீஸ் அடித்து ஏற்றும் சின்ன முனை) முறுக்கி வைத்திருந்தார்கள். பிஸ்டனுக்குச் சொட்டுச் சொட்டாக ஆயில் இறங்க வேண்டிய இடத்தில் கிரீஸ்! அந்த உருண்டைத் தலை நிப்பிளுக்கு ஆஸ்கர் ஜெர்க் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதே 1929இல்தான், அதனால் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, இது பின்னாளில் சொருகியது என்று.

முதலில் ஆன்லைனில் ‘ஆன்டிக்’ என்று போட்டிருந்த பித்தளை ஆயிலர் ஒன்றை வாங்கினேன். பளபளவென்று கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி வந்தது. கழற்றினால் உள்ளே ரப்பர் ஓ-ரிங். அந்தக் காலத்தில் கார்க்கோ தோலோதான் வைப்பார்கள். கண்ணாடி என்று நினைத்தது அக்ரிலிக். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மரைதான் கழுத்தறுத்தது. இரண்டு சுற்று போய் நின்றுவிட்டது. மரை அளக்கும் கேஜ் வைத்துப் பார்த்தால் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது என்பிடி என்கிற அமெரிக்கக் குழாய் மரை. பிரிட்டிஷ் இஞ்சினில் இருப்பது கால் அங்குல பிஎஸ்பி என்கிற பிரிட்டிஷ் குழாய் மரை, அங்குலத்துக்கு 19, கோணமும் வேறு. பலவந்தமாக முறுக்கியிருந்தால் வார்ப்பிரும்பில் இருந்த மரையும் போயிருக்கும்.

அப்புறம்தான் கோவை உக்கடம். பழைய இரும்புக் கடை, போர்டுகூடக் கிடையாது. அண்ணனிடம் நிப்பிளைக் காட்டினேன், ஒரு சாக்கைக் கொட்டினார், அதில் மூன்று ஆயிலர் இருந்தது. எடை போடத்தான் எடுத்தார், என் முகத்தைப் பார்த்ததும் தராசை ஓரமாக வைத்துவிட்டு 1,800 ரூபாய் என்றார். என் தப்பு, பல்லைக் காட்டியிருக்கக் கூடாது. ஆனால் ஆயில் ஊற்றிச் சோதித்துப் பார்க்க விட்டார், அது பெரிய விஷயம். மேலே இருக்கும் லீவரை நிமிர்த்தினால் சொட்ட வேண்டும், படுக்க வைத்தால் சுத்தமாக நிற்க வேண்டும். இரண்டு ஆயிலரில் சொட்டு நிற்கவில்லை. மூன்றாவதில் சொட்டை அடைக்கும் ஊசி லேசாகத் தேய்ந்திருந்தது, அதை வாங்கி லேத்தில் கொடுத்துச் சரி பண்ணிக்கொண்டேன். கண்ணாடி அசல், மரை கையாலேயே இறங்கியது.

பில் கிடையாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது. போகிறவர்கள் மரை கேஜும் கொஞ்சம் ஆயிலும் கொண்டுபோங்கள். எனக்கு இன்னும் ஒரு கிரீஸ் கப் வேண்டும், திருகி இறக்கும் மூடி வைத்தது. “ஆடி முடியட்டும் தம்பி, ஒரு பழைய மில்லு உடைக்க வருதுங்க” என்றிருக்கிறார்.