'கையால் வரைந்த ஒரிஜினல்' என்று 85,000 ரூபாவுக்கு வந்தது வெறும் பிரின்ட். கவனம்!

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் மரியாதையாக எழுதிவிடுவேன்.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் புது வீட்டு ஹோலில் 14 அடி நீளச் சுவர் ஒன்று வெறுமையாகக் கிடந்தது. பிரின்ட் படம் வேண்டாம், ஒருவர் கையால் வரைந்ததுதான் வேண்டும் என்று நானும் அவரும் ஒரே பிடியாக இருந்தோம். என்ன படம் என்பதிலும் சந்தேகம் இல்லை. டச் பே கரையில் நின்று பார்த்தால் தெரிகிற கோணேசர் மலை, விடியற்கால வெளிச்சத்தில். 6 அடிக்கு 4 அடி, ஒயில் பெயின்டிங்.

ஒன்லைனில் ஓவியம் விற்கிற ஒரு பக்கம் கண்ணில் பட்டது. பெயர் போடவில்லை, போட்டால் நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள். 'ஓவியரிடமிருந்து நேரடியாக, ஒரேயொரு பிரதி, சான்றிதழுடன்' என்று போட்டிருந்தார்கள்.

பேசிய பையன் விஷயம் தெரிந்தவன். அதுதான் இன்னும் எரிச்சல். "சுவருக்கு முன்னால சோபா இருக்கா அக்கா? அதின்ர அகலத்தில மூன்றில இரண்டு பங்கு படம் இருந்தால்தான் வடிவு. படத்தின்ர நடு, தரையில இருந்து 57 அங்குலம் வரவேணும்" என்றான். விசாரித்தேன், எல்லாம் சரியான கணக்கு. அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினான். ஒரு கை, ஒரு தூரிகை, மலையடிவாரத்தில் நீலம் ஏறுகிறது, ஈரம் பளபளக்கிறது. "என்ர அம்மம்மா நிலாவெளி அக்கா. சிவராத்திரி முடிஞ்சு கோணேசர் ஊர்வலம் வரேக்க நாங்களும் வாறனாங்கள்" என்றான். அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது. முற்பணம் 40,000 அன்றே போட்டேன். அனுப்புவதற்கு முன் மிச்சம் 45,000. மொத்தம் 85,000 ரூபா.

வந்தது ஒரு குழாய். சுருட்டி அனுப்பியிருந்தார்கள். ஒயில் வர்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே நாட்கள் எடுக்கும், தடிப்பாகப் பூசினால் மாதக்கணக்கு. போன கிழமை வீடியோவில் ஈரமாக இருந்த படம் இந்தக் கிழமை எப்படிச் சுருளும்? எண்ணெய் வாசமும் இல்லை.

டவுனில் பிரேம் போடும் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் விரித்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பிள்ளை, இது கீறின படம் இல்லை. அடிச்ச படம்" என்றார். தூரிகைத் தடம் என்று நான் தடவிப் பார்த்ததெல்லாம் மேலே பூசிய நிறமில்லாத ஜெல். மலை முடிந்து கடல் தொடங்குகிற கோட்டை அந்தத் தடம் கவனிக்கவே இல்லை, இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பு. பூதக்கண்ணாடி வைத்தால் பொட்டுப் பொட்டாக மை. கையெழுத்துகூட ஜெல்லுக்கு அடியில் அச்சில்தான் இருந்தது! சான்றிதழின் அடியில், எறும்பு எழுத்தில், 'ஹேன்ட் எம்பெலிஷ்ட் கன்வஸ்' என்று போட்டிருக்கிறார்கள். பிரின்டுக்கு மேல் கொஞ்சம் கைவேலை செய்தால் இந்த வியாபாரத்தில் அப்படித்தான் போடுவார்களாம். பேசும்போது ஒரு தடவையாவது அவன் வாயில் அது வந்ததா?

பிறகு நடந்ததுதான் பெரிய கூத்து. முதலில் "படம் எடுத்து அனுப்புங்கோ அக்கா". அனுப்பினேன். "அது மிக்ஸ்ட் மீடியா அக்கா", அதாவது பலதையும் கலந்து செய்த படமாம். விடவில்லை, திரும்பக் கேட்டேன். "ஓவியருக்குச் சுகமில்லை". பிறகு மனேஜர் என்று ஒருவர் வந்தார், அக்கா போய் மேடம் ஆனேன். திருப்பி அனுப்பினால் பரிசோதித்துவிட்டுச் சொல்வார்களாம். எங்கே அனுப்புவது என்று கேட்டால் முகவரி இல்லை. இப்போது வட்ஸ்அப்பில் ஒற்றைச் சரிதான் விழுகிறது. பிளாக் செய்துவிட்டார்கள். 85,000 ரூபா!

அந்தக் காசுக்கு மட்டக்களப்பு பஸ் ஏறிப் போய், விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிற பிள்ளை ஒன்றிடம் சொல்லி வரைவித்திருக்கலாம், அந்தப் பிள்ளைக்கும் உதவியாக இருந்திருக்கும். கொழும்பில் 1993இலிருந்து நடக்கிற கலா பொல என்ற ஓவியச் சந்தையில் வரைந்தவரை முன்னால் நிறுத்தியே வாங்கலாம்.

பெரிய சுவருக்குப் படம் வாங்குவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: காசு போட முதல் படத்தின் பின்பக்கத்தையும் ஓரத்தையும் கேளுங்கள். வீடியோ அனுப்பினால் நம்ப வேண்டாம், வீடியோ கோலில் உங்கள் பெயர் எழுதிய தாளைப் படத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். விளக்கை அணைத்துப் பக்கவாட்டில் டோர்ச் அடிக்கச் சொல்லுங்கள். மிச்சக் காசு படம் கையில் வந்த பிறகுதான். எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) பிரேம் வேண்டாம், நம்மூர் கடல் காற்றுக்கு ஊதிவிடும் என்று ஐயா சொல்கிறார்.

நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன், பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்கிறார்கள். வங்கியில் போட்ட துண்டும் வட்ஸ்அப் பேச்சும் இருக்கின்றன, அவற்றுடன் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கிறேன். இதே கோணேசர் மலைப் படம் வேறு யாருக்காவது 'ஒரேயொரு பிரதி' என்று வந்திருந்தால் உடனே சொல்லுங்கள், சேர்ந்து கொடுக்கலாம்.