எல்லா இடத்துக்கும் ஏபிசி பவுடரே போதுமா? தீயணைப்பான்களோடு சில வருடங்கள்

எங்கள் பணியிடம் கொஞ்சம் கலவையானது. முன்பக்கம் அலுவலகம், ஓரத்தில் ஒரு சர்வர் அறை, பின்னால் வெல்டிங்கும் பெயின்டிங்கும் நடக்கும் பட்டறை, மாடியில் சின்னச் சமையலறை. தீயணைப்பான் வாங்குவது, மாட்டுவது, ரீஃபிலுக்கு அனுப்புவது எல்லாம் பல வருடமாக என் பொறுப்பு. வாங்கும் நாளில் கண்ணில் படாத பல விஷயங்கள் பழகப் பழகத்தான் தெரியவந்தன.

முதலில் எங்கே பார்த்தாலும் 6 கிலோ ஏபிசி பவுடர்தான் தொங்கியது. விற்பவர்களும் அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். காரணமும் உண்டு. மரம், காகிதம், துணி. பெட்ரோல், தின்னர் போன்ற திரவங்கள். எரிவாயு என்று மூன்று வகைத் தீக்கும் அது ஆகும், மின்சாதனத்தின் மேலும் அடிக்கலாம். உள்ளே இருக்கும் மோனோ அமோனியம் பாஸ்பேட் சூட்டில் உருகி, எரியும் பொருளின் மேல் படலமாகப் படிந்துவிடுவதால் கனல் திரும்பப் பற்றுவதும் குறைவு. பட்டறையில் ஒருமுறை தின்னர் நனைந்த கந்தல் துணிக்கூடை பற்றிக்கொண்டது. பின்னைப் பிடுங்கி, தீயின் அடியைப் பார்த்து இடவலமாக இரண்டு வீச்சு. அவ்வளவுதான், அணைந்துவிட்டது.

தலைவலி அப்புறம்தான் ஆரம்பித்தது. பட்டறை மாவு மில் மாதிரி ஆகிவிட்டது. புகை மூட்டம் போல் எழுந்த பவுடரில் கதவு எந்தப் பக்கம் என்றே சற்று நேரம் தெரியவில்லை. மூடிய அறையாக இருந்தால் இது சாதாரண விஷயம் இல்லை. கூட்டிப் பெருக்கிய பிறகும் கம்ப்ரெசரின் இடுக்கிலும் சுவிட்ச் பெட்டிக்குள்ளும் அது இருந்தது. ஈரப்பதம் பட்டால் இந்தப் பவுடர் உலோகத்தை அரிக்கும். சில வாரம் கழித்து ஒரு பேனலைத் திறந்தால் செம்பு முனைகளில் பச்சை பூத்திருந்தது. அதற்காகப் பவுடரை ஒதுக்கவில்லை, பட்டறைக்கு இன்றும் அதுதான். சர்வர் அறைச் சுவரிலிருந்து மட்டும் அன்றே இறக்கினேன்.

அங்கே இப்போது கார்பன் டை ஆக்சைடு. அடித்த பின் துடைக்க எதுவுமே மிஞ்சாது; மின்சாதனத்துக்கு இதைவிட நிம்மதி கிடையாது. ஆனால் இதற்கும் குணம் தெரிந்து பழக வேண்டும். இரண்டு மீட்டருக்கு மேல் பெரிதாக எட்டாது. வாயு வெளியே வரும்போது மைனஸ் 78 டிகிரி வரை குளிர்வதால், கொம்பு போன்ற அந்த முனையை வெறுங்கையால் பிடித்தால் தோல் புண்ணாகும். தனிக் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். சின்ன அறைக்குள் முழுதாக அடித்துவிட்டு உள்ளேயே நின்றால் மூச்சு முட்டும். காகிதக் குவியலுக்கு இது சரிவராது. சுடர் அடங்கினாலும் உள்ளே கனல் அப்படியே இருக்கும்.

இந்த வகையில் அழுத்தம் காட்டும் கேஜ் கிடையாது. புதிதாக வருபவர்கள் எல்லாரும் “மீட்டர் எங்கே சார்?” என்று கேட்பார்கள். உள்ளே வாயு திரவமாக இருப்பதால், பாதி தீர்ந்தாலும் அழுத்தம் ஏறக்குறைய மாறாது. அதனால் கேஜ் வைத்தும் பயனில்லை. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். காலி எடை சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். நிரப்பியதில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் ரீஃபில். ஒரு தடவை ரீஃபிலுக்குப் போய் வந்ததைத் தராசில் வைத்தேன். லேபிளில் ஒட்டிய தேதி மட்டும்தான் புதுசு. அன்றிலிருந்து தராசில் ஏறாத எதற்கும் பில்லில் கையெழுத்துப் போடுவதில்லை.

பவுடர் சிலிண்டரில் வேறொரு தொல்லை. யாராவது சோதித்துப் பார்க்கிறேன் என்று லேசாக ஒரு அழுத்து அழுத்தினாலும் போச்சு. வால்வு மூடும் இடத்தில் பவுடர் துகள் சிக்கிக்கொண்டு அழுத்தம் மெல்லக் கசியும். சில நாளில் கேஜ் முள் சிவப்புக்கு வந்துவிடும். எவ்வளவு குறைவாக அடித்திருந்தாலும் ரீஃபிலுக்கு அனுப்பத்தான் வேண்டும்.

எந்த வகைத் தீக்கு என்று சிலிண்டரில் போட்டிருக்கும் எழுத்தைப் பார்த்து வாங்குபவர்களுக்கு ஒன்று. ‘சி’ என்றால் ஐரோப்பிய முறையில் எரிவாயு, அமெரிக்க முறையில் மின்சாதனம். சமையல் எண்ணெய்த் தீ ஐரோப்பிய முறையில் ‘எஃப்’, அமெரிக்க முறையில் ‘கே’. இறக்குமதி சிலிண்டர் என்றால் எழுத்தை விட்டுப் படத்தைப் பாருங்கள். எங்கள் சமையலறையில் வெட் கெமிக்கல் சிலிண்டரும் ஒரு தீப்போர்வையும் இருக்கின்றன. அந்தச் சிலிண்டரிலுள்ள பொட்டாசியம் உப்பு சூடான எண்ணெயோடு சேர்ந்து சோப்புப் படலமாகி மூடிவிடும். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது.

எடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 6 கிலோ பவுடர் என்பது உள்ளே இருக்கும் சரக்கின் எடை. சிலிண்டரோடு சேர்த்து 9, 10 கிலோ வரும். எஃகுச் சிலிண்டரில் வரும் கார்பன் டை ஆக்சைடு அதைவிட மோசம். வரவேற்பறையில் இருப்பவரால் ஆணியிலிருந்து இறக்கவே முடியாத சிலிண்டர் எவ்வளவு பெரியதாக இருந்து என்ன? இத்தனைக்கும் 6 கிலோ பவுடர் தொடர்ந்து அடித்தால் அரை நிமிடம்கூட வராது. அதனால் வாங்கும் முன், அந்த இடத்தில் வேலை செய்பவரையே ஒன்றைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறேன். மாட்டுவதும் வெளியேறும் வழியை ஒட்டித்தான். பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால் மாட்டினால் தீயைத் தாண்டிப் போய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

லித்தியம் பேட்டரிக்கு மட்டும் திருப்தியான பதில் இல்லை. சுடரை அணைத்தாலும் செல்லுக்குள் வேதிவினை ஓடிக்கொண்டே இருந்து மறுபடி பற்றும். நிறையத் தண்ணீர் விட்டுக் குளிர்விப்பதுதான் வழி. எனவே டிரில் பேட்டரிகளை ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் சார்ஜ் போடுகிறோம், சுற்றி எரியக்கூடியது எதையும் வைப்பதில்லை. பெரிதாகப் பற்றினால் ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைப்பது என்று முடிவு.

அலுவலகத் தாழ்வாரத்தில் கடைசியாக மாட்டியது வாட்டர் மிஸ்ட். உப்பு நீக்கிய தண்ணீரை நுண்துளியாக அடிக்கிறது; காகிதத்தைக் கனல் வரை நனைக்கிறது, பவுடர் தொல்லை இல்லை. மின்சாதனத்துக்குப் பக்கத்தில் அடிக்கச் சோதித்த மாடலா, எத்தனை வோல்ட், எவ்வளவு தூரம் என்பதை லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ரீஃபில் சுற்றில் வரவேற்பறைக்கும் இதையே, சின்ன அளவில், கேட்டிருக்கிறேன்.