நாலு எஞ்சினா, ரெண்டு எஞ்சினா? கட்டுநாயக்கவில் ஏறும் நம் கணக்கு

மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் பெரியம்மாவும் பெரியப்பாவும் லண்டனில் மகள் வீட்டுக்குப் போக ஆயத்தமாகிறார்கள். டிக்கெட் விலையைப் பற்றிப் பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. “மனே, அந்தப் பிளேனுக்கு எத்தின எஞ்சின்?” என்றுதான் கேட்டார். தொண்ணூறுகளின் கடைசியில் முதல் தடவை போனபோது, இறக்கைக்கு இரண்டாக நாலு எஞ்சின் தொங்கியதை அவர் எண்ணி வைத்திருக்கிறார். இப்போது இரண்டுதான் என்றதும் முகம் வாடிவிட்டது. “ஒண்டு நிண்டா என்ன செய்யிற?” என்றார். அது நியாயமான கேள்வி. அன்று சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்களுக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டு. கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஸ்ரீலங்கனின் ரெண்டு எஞ்சின் ஏ330 இல் ஏறி நேரே லண்டன் ஹீத்ரோவில் இறங்கலாம். இல்லையென்றால் எமிரேட்ஸில் துபாய் வரை ரெண்டு எஞ்சின் போயிங் 777, அங்கே மாறி லண்டனுக்கு நாலு எஞ்சின், இரண்டு தட்டு ஏ380. நாலு எஞ்சின் வேண்டுமென்றால் துபாயில் இறங்கி ஏறத்தான் வேண்டும்.

பெரியம்மா எண்ணியது ஏ340. ஏர் லங்கா, அதாவது இன்றைய ஸ்ரீலங்கன், 1994 இல் அந்த ரகத்தைப் பறக்க விடத் தொடங்கியது. அதன் கூடப்பிறப்புத்தான் ஏ330. ஏர்பஸ் இரண்டையும் ஒரே திட்டமாக உருவாக்கியது. உடலின் அகலம் ஒன்று, இறக்கையும் ஏறக்குறைய ஒன்று, எஞ்சின்தான் வேறு. இந்த வழக்கைத் தீர்க்க இதைவிட நல்ல சோடி கிடையாது. ஏ340 மொத்தம் 377தான் விற்கப்பட்டது. 2011 இல் ஏர்பஸ் அதைக் கைவிட்டது. ஏ330 ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டி, புது எஞ்சினோடு இன்றும் வந்துகொண்டிருக்கிறது. நாலு சிறிய எஞ்சினை விட இரண்டு பெரிய எஞ்சின் எண்ணெய் குறைவாகக் குடிக்கும். கழற்றிப் பூட்டி, பழுது பார்க்கும் வேலையும் குறையும். விமான நிறுவனத்துக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்படியானால் முன்பு ஏன் நாலு வைத்தார்கள்? பழைய எஞ்சின்களை நம்ப முடியவில்லை. ஒன்று நின்றாலும் 60 நிமிடத்துக்குள் இறங்க ஓர் இடம் இருக்கும் பாதையில்தான் இரட்டை எஞ்சின் விமானம் பறக்கலாம் என்று 1953 இல் அமெரிக்கா விதி போட்டது. சமுத்திரத்தைக் குறுக்கே கடக்க வேண்டுமென்றால் மூன்றோ நாலோ கட்டாயம். எஞ்சின்கள் நம்பகமாக ஆக ஆக, 1985 இல் அது 120 நிமிடமானது, 1988 இல் 180 ஆனது. 2014 இல் ஏர்பஸின் இரட்டை எஞ்சின் ஏ350க்கு 370 நிமிடம் வரை அனுமதி கிடைத்தது. ஒற்றை எஞ்சினில் ஆறு மணித்தியாலம் பறக்கலாம் என்று எழுத்தில் உறுதி கொடுக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் எத்தனை வருடத்துச் சோதனை இருக்கும்!

பெரியம்மாவைச் சமாதானப்படுத்தியது இன்னொரு விஷயம். ஓடுபாதையில் வேகமெடுத்து எழும்பும் நேரத்தில் ஒரு எஞ்சின் நின்றாலும் விமானம் மேலே ஏற வேண்டும் என்பது சட்டம். நாலில் ஒன்று போனால் கால்வாசிப் பலம் போகும். இரண்டில் ஒன்று போனால் பாதி போய்விடும். அதனால் இரட்டை எஞ்சின் விமானத்துக்கு ஆரம்பத்திலேயே பலத்தைக் கூடுதலாக வைத்துத்தான் கட்டுவார்கள். 777-300ஈஆர் எஞ்சினின் வாயில் உள்ள விசிறி மட்டும் மூன்று மீற்றருக்கு மேல் விட்டம். ஏ340 சோம்பலாகவும் ஏ330 விறுவிறென்றும் மேலே ஏறுவதற்குக் காரணமும் இதுதான்.

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாது என்பதற்கு 1982 சாட்சி. பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று இந்தோனேசியாவின் ஜாவாவுக்குப் பக்கத்தில் எரிமலைச் சாம்பலுக்குள் போக, நாலு எஞ்சினும் ஒன்றாக நின்றன. பிறகு திரும்ப இயக்கி, ஜகார்த்தாவில் பத்திரமாக இறக்கினார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: 2010 இல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட குவாண்டாஸின் ஏ380 இல் ஓர் எஞ்சின் வெடித்துச் சிதறியபோது, மிச்ச எஞ்சின்களோடு திரும்பி வந்து 469 பேரும் உயிரோடு இறங்கினார்கள்.

ஏ380 மேல் எனக்கு உள்ள ஆசையை மறைக்க மாட்டேன். உள்ளே அவ்வளவு அமைதி. பத்துப் பேர் வரிசையாக இருந்தும் தோள் இடிக்காது. அதே பத்துப் பேரை 777 இல் குறுகிய உடலுக்குள் அடைத்திருப்பார்கள். ஆனால் விமான நிலையங்களுக்கு அது பெரும் சுமை. ஏறக்குறைய 80 மீற்றர் இறக்கை, 22 சக்கரம், இரண்டு தட்டுக்கும் தனித்தனி ஏறுபாலம். பின்னால் வரும் விமானம் கூடுதல் தூரம் விட்டுத்தான் வர வேண்டும். கட்டுநாயக்கவுக்கு எமிரேட்ஸ் 2017 இல் ஒரு தடவை விசேடமாகக் கொண்டுவந்து காட்டியது, அவ்வளவுதான். நம் மட்டக்களப்பின் திமிலைதீவு ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான். அங்கே அதை நினைத்தும் பார்க்க முடியாது.

சரக்கு விஷயத்திலும் தோல்விதான். ஐந்நூறு பேரின் பெட்டிகளை ஏற்றியபின் ஏ380 இன் வயிற்றில் அதிகம் மிஞ்சாது. ஏ330, 777 இரண்டிலும் இடம் மிஞ்சும். இலங்கையின் சூரை மீன் ஐஸ் பெட்டியில் ஐரோப்பாவுக்குப் போவதற்கு அந்த இடம்தான் வேண்டும். வாழைச்சேனையில் ஆழ்கடல் படகு வைத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமல்ல.

747 கதையும் முடிந்துவிட்டது. எண்பதுகளில் ஏர் லங்காவும் வைத்திருந்த விமானம் அது. மொத்தம் 1,574 கட்டி, கடைசியை 2023 ஜனவரியில் சரக்கு விமானமாகக் கொடுத்தார்கள். ஏ380 251 உடன் 2021 இல் நின்றது. அதில் 123 எமிரேட்ஸ் ஒன்றே வாங்கியது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். ஐந்நூறு இருக்கையை நிரப்ப துபாய், ஹீத்ரோ மாதிரி ஊர்களால்தான் முடியும். மற்ற எல்லோரும் அங்கே போய் மாறி ஏற வேண்டும். முந்நூறு இருக்கை என்றால் கொழும்பிலிருந்தே நிரப்பலாம், நேரே பறக்கலாம். மட்டக்களப்பிலிருந்து ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வான் வண்டியில் ஏழு மணித்தியாலம் குலுங்கிப் போய் ஏறுகிற எழுபது வயதுக்காரருக்கு, நடுச்சாமத்தில் துபாயில் வாசல் தேடி நடப்பது பெரிய தண்டனை. நாலு எஞ்சின் அந்த நடையைக் கூட்டியது, இரண்டு எஞ்சின் குறைத்தது.

இளம் ஆள் என்றால், தனியாகப் போகிறவர் என்றால், துபாய் வழியாக ஏ380 இல் ஒரு தடவை போய்ப் பாருங்கள் என்பேன். போயிங்கின் புது விமானமான 777எக்ஸ் வருடக்கணக்கில் தாமதமானதால் எமிரேட்ஸ் தன் ஏ380களை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது.

பெரியம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நேர் விமானத்தையே பதிந்தோம். ஏ330 இல் வரிசைக்கு இரண்டு, நாலு, இரண்டு என்று இருக்கை. ஜன்னலோரச் சோடியில் மூன்றாம் ஆள் கிடையாது. இறக்கை தெரிகிற இடமாகப் பார்த்துத் தா மனே என்றார். பார்த்துக் கொடுத்தேன்.