கொரியப் பெயரடைப் பாடங்கள்: ஒரு மதிப்பீடு

தொடக்க நிலையினருக்கான இணையவழிக் கொரிய வகுப்பொன்றில் பெயரடைப் பகுதியை அண்மையில் முடித்தேன். கொரிய மொழியில் பெயரடையும் வினையைப் போலவே திரியும் என்பதை முதல் பாடத்திலேயே சொல்லிவிடுவதுதான் இதன் பலம். சிறியதாயிருத்தலைக் குறிக்கும் 'ஜாக்தா', வீட்டைக் குறிக்கும் 'ஜிப்' என்னும் சொல்லுக்கு முன்னால் 'ஜாகுன் ஜிப்' என்றும், வாக்கியத்தின் முடிவில் 'ஜிபி ஜாகாயோ' என்றும் மாறுவதைக் கண்டபோது, நம் 'சிறிய வீடு', 'வீடு சிறியது' என்ற இணையே நினைவுக்கு வந்தது. தமிழருக்கு இதில் பாதி வேலை மிச்சம்.

ஆனால், குளிராயிருத்தலைக் குறிக்கும் 'சுப்தா', 'சுவுன்' என்றாகும் விதிவிலக்கை இரண்டே வரிகளில் கடந்துவிட்டார்கள். 'சுபுன்' என்றெழுதி நான் மூன்று பயிற்சிகளில் தொடர்ந்து பிழைவிட்டும், சிவப்புக் கோடு விழுந்ததே தவிரக் காரணம் சொல்லப்படவில்லை. ஒலிப்பதிவுகள் தெளிவானவை. ஹங்குல் எழுத்துகளைப் படிக்கப் பழகிய பின்னரே இதில் சேர்வது நல்லது.