காரைக்குடி மீன் தீவனக் கடை: மருந்து கேட்டுப் போனேன், யோசனையும் கிடைத்தது

பள்ளத்தூர் பக்கம் பண்ணைக்குட்டையில் ரோகு, கட்லா வளர்க்கிறேன். சித்திரை வெயிலில் ரோகுவின் வயிற்றுப் பக்கம் செதில் உதிர்ந்து சிவப்புத் திட்டு தெரிந்ததும் இந்தக் கடைக்குத்தான் ஓடினேன்.

கடைக்கார அண்ணன் மருந்தை எடுக்கவில்லை. "தண்ணி எத்தனை டிகிரி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டார். தண்ணீர் சூடானால் மீனின் உடம்பும் சூடாகும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் ஆக்சிஜன், 35 டிகிரியில் 7க்கு இறங்கிவிடும். மீனுக்கோ அப்போதுதான் மூச்சு அதிகம் தேவை. அந்தத் திணறல் நீடித்தால் உடம்பில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறி எதிர்ப்புச் சக்தி குறையும். வெதுவெதுப்பில் பெருகும் ஏரோமோனாஸ் கிருமி புண் வைத்துவிடும். மீனில் ஒட்டி வாழும் மீன் பேனின் முட்டையும் சூட்டில் சீக்கிரம் பொரியும். கோடை கடுமையாகிக்கொண்டே போகும் நம் பக்கத்துக்கு இவ்வளவு பொறுமையாக விளக்குகிற கடை பெரிய உதவி.

வெப்பமானியும் ஆக்சிஜன் சோதனை கிட்டும் வாங்கினேன். கொஞ்சம் குட்டைத் தண்ணீரை எடுத்து அதில் கிட்டிலுள்ள சொட்டு மருந்தை விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். விடியுமுன் பாருங்கள், ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போவது அப்போதுதான்.

குறை ஒன்று: கோடையில் ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இருப்பு இருக்காது. மாசியிலேயே சொல்லி வையுங்கள்.